பல் முளைத்த மரவள்ளி

பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு நூல்கடை இருக்கிறது. பட்டன், லேஸ், புடவை ஃபால்ஸ், உல்லன், குரோஷா நூல் எல்லாம் அங்கே கிடைக்கும். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி. வாடிக்கையாளர் யாராவது பின்னியதில் நல்லதாக ஒன்றைக் கடைக்காரர் அதில் மாட்டி வைப்பார். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இன்னோர் ஆணி அடிக்கச் சொன்னால், "ரெண்டு மாட்டினா கடை மாதிரி ஆயிடும் மேடம்" என்பார். கடையில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிச் சொல்வார்.

பல வருடங்களாக அதில் தொங்கியது என்னுடைய பின்னல். வெள்ளை நூலில் வட்டமாகப் போட்டது, பூச்சாடிக்கு அடியில் விரிப்பதற்கு. பள்ளியில் எங்களுக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி அதைப் பிரெஞ்சில் நாப்ரோன் என்பார். எனக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியர் வேலை. நிருபருக்குப் பெயர் வரும், படம் எடுத்தவருக்குப் பெயர் வரும். செய்தியைத் திருத்தித் தலைப்பு வைப்பவருக்கு வராது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் கடைக்கு வருகிற யாராவது ஆணியைப் பார்த்து "யார் போட்டது?" என்று கேட்பார்கள். "பேப்பர்ல வேலை செய்றாங்களே, அந்த மேடம்" என்று கடைக்காரர் சொல்வார். அதைக் கேட்பதற்காகவே தேவையில்லாத நூலெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருப்பவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். கணவனுக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை. அவள் குரோஷா கற்றுக்கொண்டது போனில், வீடியோ பார்த்து. ஊசியைக் காய் நறுக்கும் கத்தி மாதிரி பிடிப்பாள். நான் ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியையும் எண்ணிப் போடுவேன். அவள் சீரியல் பார்த்துக்கொண்டே போடுவாள். தப்பாகத்தான் வர வேண்டும். வந்ததில்லை. அவள் பின்னல் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், முடிச்சுகள் எங்கே என்று. பின்பக்கமும் சுத்தமாக இருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் கையில் ஏதோ பச்சையாக எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நீளமாக, ஒல்லியாக, இரண்டு முனையும் கூர்ந்த ஒற்றை இலை, நூலில் பின்னியது.

"அக்கா, இதுக்கு ஓரத்துல பல்லு பல்லா வருது. வீடியோவுல அந்தப் பொம்பள கை வேகமா போவுது, எனக்குப் புடிபடல. எப்டிக்கா?"

"போன்ல சொல்லலயா?"

"வாயே தொறக்கமாட்டா. பாட்டுதான் ஓடுது."

கூர்முனை ஓரத்துக்கு பிக்கோ என்று பெயர். சொன்னேன்.

"பீக்கோவா? புடவைக்கு மிஷின்ல அடிப்பாங்களே, அதுவாக்கா?"

"அது வேற, இது வேற."

மூன்று சங்கிலி போட்டு, முதல் சங்கிலிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் ஒரு பல். அந்த இலையின் ஓரம் முழுக்க நானே போட்டுக் காட்டினேன். அவளுக்கு வராத ஒன்று எனக்கு வருகிறது என்பதால் கொஞ்சம் மெதுவாகவே போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "உங்க கை அச்சு மாதிரிக்கா" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் நல்லவளாக இருந்தேன்.

அடுத்த முறை நூல்கடைக்குப் போனபோது என் வெள்ளை வட்டம் ஆணியில் இல்லை. அங்கே ஒரு பச்சை இலை இருந்தது. ஏழு விரல்கள், நடுவில் நீளமானது, இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே போய்க் காம்பருகில் சின்னதாக முடிந்தன. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் என் பிக்கோ.

"உங்க மாடி வீட்டுக்காரம்மா போட்டது" என்றார் கடைக்காரர். "மரவள்ளி இலை. எப்பிடி இருக்கு பாருங்க மேடம், பறிச்சு மாட்டுன மாதிரி."

"என்னோடது?"

"வெள்ளை இல்லயா, மழையில பூசணம் புடிக்குது. பத்திரமா உள்ள வச்சிருக்கேன்."

அது மரவள்ளி இல்லை. எந்த இலை என்று பார்த்தவுடன் தெரிந்தது. போலீஸ்காரர்கள் மேஜைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் படத்துக்கு 'பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சா செடிகளுடன் போலீசார்' என்று எத்தனையோ முறை படக்குறிப்பு எழுதியவள் நான். மரவள்ளி இலைக்கும் விரல் உண்டு, ஆனால் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். ரம்பம் மாதிரிப் பல் இருப்பது கஞ்சாவுக்கு. அவள் ஒற்றை விரலை மட்டும் கொண்டுவந்ததால் எனக்கு அன்று தெரியவில்லை. அவளுக்கோ முழு இலையைப் பார்த்தும் தெரியவில்லை; அவள் அப்பா நிலத்தில் போட்டது மரவள்ளி.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இலை இறங்கிவிடும். பூசணத்தைத் தட்டிவிட்டு என் வட்டத்தை மறுபடி மாட்டுவார். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொல்லி அது இறங்கினால் என் வயிற்றெரிச்சல் கடை முழுக்கத் தெரிந்துபோகும். வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை. நிலைமை இன்னும் மோசமானது. காலாப்பட்டிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். இலைக்கு முன்னால் நின்று ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். சும்மா போகக் கூச்சப்பட்டு ஆளுக்கொரு பட்டன் அட்டையாவது வாங்கினார்கள். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"படிக்கிற பசங்களுக்கு விவசாயத்து மேல இவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாம போச்சு மேடம்."

என் நாப்ரோன் முன்னால் ஒருவரும் படம் எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு ஒரு மத்தியானம் நான் கடையில் இருந்தபோது கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மனைவி வெட்டிக் கொடுத்த மாம்பழ நிறப் புடவைத் துண்டு ஒன்று கையில். அதற்கு மேட்சிங் ஃபால்ஸ் வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போட்ட மாம்பழ நிறங்களையெல்லாம் துண்டோடு வைத்து வைத்துப் பார்த்தார். எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. வெளிச்சத்துக்காகத் துண்டைத் தூக்கிப் பிடித்தபோது கண் ஆணிக்குப் போனது. துண்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது என்னாங்க?"

"மரவள்ளிங்க சார்."

"மரவள்ளியா?"

"ஆமாங்க சார். சந்தேகமா இருந்தா மேடத்தக் கேளுங்க. பேப்பர்ல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் நான் காத்திருந்த இடம் இதுதான். நானாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் பதில் சொன்னால் போதும். வேலையில் நான் தப்பான படக்குறிப்பு வைத்ததில்லை. ஆனால் வாயைத் திறக்கும் முன் இன்னொரு முறை அந்த ஓரத்தைப் பார்த்தேன். நடு விரல் அன்று அவள் கொண்டுவந்த அதே இலை; அதில் இருந்தது நான் என் கையால் போட்ட பல். ஒன்றுபோல் ஒன்று, அச்சு மாதிரி. அந்தக் கடைச் சுவரில் என்னுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"மரவள்ளிதாங்க" என்றேன். "ஓரம் மட்டும் அழகுக்குப் போட்டது. அது நான் போட்டது."

அவர் இலையை இன்னொரு தடவை பார்த்தார். "எங்க வீட்லயும் மரவள்ளி போட்டிருக்கோம்மா. இதுவரைக்கும் அதுக்குப் பல்லு மொளச்சதில்ல" என்றார். சிரிப்பை அடக்கியதில் மீசை ஆடியது. இருந்ததில் ஒரு ஃபால்ஸை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "பல்லு மொளச்சா அதுக்கு வேற பேரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து வந்த மாணவர்களிடம் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து நான் போனபோது ஆணி காலியாக இருந்தது. செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலம் ஒன்றை என்னிடம் நீட்டினார். எங்கள் பத்திரிகை அல்ல, எங்களுக்குப் போட்டிப் பத்திரிகை.

"மாடி வீட்டம்மாகிட்ட குடுத்துடுங்க மேடம். பல்லை மட்டும் பிரிச்சுட்டு குடுக்கச் சொல்லுங்க, திரும்ப மாட்டிடலாம். நீங்க ஏன் மரவள்ளின்னு சொன்னீங்க?"

"அவசரத்துல சொல்லிட்டேன்."

"சரி, அதுவரைக்கும் உங்களோடத மாட்டி வைக்கட்டுமா?"

பத்திரிகைப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் நிரப்புவதற்குச் சில துண்டுச் செய்திகளைத் தயாராக வைத்திருப்போம். ஃபில்லர் என்போம். பெரிய செய்தி வந்துவிட்டால் முதலில் தூக்குவது அதைத்தான். நானே எத்தனையோ தூக்கியிருக்கிறேன். வேண்டாம் என்றேன்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, எங்க அம்மாவுக்குப் போட்டோ அனுப்புனேனே! அது ஊரெல்லாம் காட்டிட்டு வந்துச்சே!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலீஸ்காரர் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்திட்டீங்கக்கா. வேற யாராச்சும்னா போட்டுக் குடுத்திருப்பாங்க."

நான் மறுக்கவில்லை.

"பல்லைப் பிரிச்சுடலாம்க்கா. நீங்களே பிரிங்க, நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"ஓரம் இல்லாம வுட்டா மொட்டையா இருக்கும்" என்றேன். "பச்சையை மாத்திப் பாக்கலாமே. செவப்புல போட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"மரவள்ளி மொட்டையாத்தான்க்கா இருக்கும்."

ஓரம் கடைசிச் சுற்று. முடிச்சை அறுத்து நூலை இழுத்தால் தானாகக் கழன்று வரும். ஒரு விரல், பிறகு அடுத்தது. அவள் போட்டவை எவை, நான் போட்டது எது என்று பிரிக்கும்போது தெரியும் என நினைத்தேன். நடு விரலுக்கு வந்தபோது கவனித்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு தடவை பார்த்து, என் கையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பல் போன இலையை அவள் மடியில் விரித்துத் தடவிவிட்டாள். நான் எதிர்பார்த்த மொட்டை அதில் இல்லை. விரல்கள் லேசாகக் கீழ்நோக்கி வளைந்தன, வெயில் நேரத்தில் வயலில் மரவள்ளி இலை துவள்கிற மாதிரி. அந்த வளைவை என் ஓரம்தான் இத்தனை நாள் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. சுருள் சுருளாக நின்ற பச்சை நூலை உருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வாரம் வெள்ளை நூல் வாங்கப் போனேன். இலை ஆணியில் இருந்தது. மாணவர்கள் யாரும் இல்லை. கத்திரிப்பூ நிறத்தில் ஜாக்கெட் துணி வைத்திருந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"அட, மரவள்ளி எலை! எங்க கொல்லையில இருக்கிறதே மாதிரி. யார் போட்டது?"

கடைக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார். நான் நிமிர்ந்து நின்றேன்.

"இந்த மேடம் வீட்டு மாடியில இருக்காங்களே, அவங்க."

வெள்ளை நூலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பச்சையும் ஓர் உருண்டை எடுக்கச் சொன்னேன்.