மூதூருக்கு வராத தங்கை

ஈச்சிலம்பற்று மீன்பிடிகாரன் கதிராமனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கை யோகமலர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் அவன். யுத்தம் அந்தத் தோளிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டது. ஷெல் விழுந்த நாளில் கணவனோடு ஓடியவள் திருகோணமலை நகரத்து அகதி முகாமில் ஒதுங்கினாள். பாதை மூடப்பட்டது. அங்கே அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி மட்டும் வாய்வழியாக வந்து சேர்ந்தது.

அவர்கள் குடும்பத்தில் பிள்ளைக்கு முதல் காப்பைத் தாய்மாமன்தான் தன் கையால் போடவேண்டும். அதுவரை பிள்ளையின் கை வெறுங்கைதான். கதிராமன் செத்துப்போன தாயின் கொலுசை உருக்கி வெள்ளிக் காப்பொன்று செய்வித்து வைத்திருந்தான். போய்ப் போடத்தான் வழியில்லை!

அப்போது தேர்தல் வந்தது. ஈச்சிலம்பற்றைப் போல இராணுவத்தின் கையில் இல்லாத ஊர்களில் வாக்குப்பெட்டி வைக்க முடியாது, அந்த மக்கள் அன்று ஒருநாள் மட்டும் இராணுவத்தின் கையிலுள்ள மூதூருக்கு வந்து வாக்களிக்கட்டும் என்றார்கள். இடம்பெயர்ந்தவர்கள் எங்கே வாக்களிப்பது? பாராளுமன்றத்தில் பெரிய விவாதம். வானொலியில் ஓர் உறுப்பினர் முழங்கினார்: "ஓர் ஊர் மக்களைப் பிரிக்காதீர்கள்! முகாமில் இருப்பவரும் தம் ஊரவரோடு ஒரே இடத்தில் வாக்களிக்கட்டும்!"

கதிராமன் துள்ளி எழுந்தான். "தங்கச்சி மூதூருக்கு வரப்போறாள்!"

"மச்சான், அது ஆரோ ஒராள் கதைச்சது. சட்டமாகிட்டுதோ?" என்றான் அயலவன் தங்கத்துரை.

"பாராளுமன்றத்தில கதைச்சாச் சட்டம்தானே! இல்லாட்டி என்னத்துக்கு அவையள் கதைக்கினம்?"

"உன்னை அங்க அனுப்பியிருந்தா நாடு எப்பவோ திருந்தியிருக்கும்."

விவாதம் எப்படி முடிந்தது என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. வானொலிக்குப் போடும் பற்றரி அந்தப் பக்கம் தடைசெய்யப்பட்ட பொருள். இருந்த கடைசிப் பற்றரியும் அன்றோடு செத்துவிட்டது.

வாக்களிப்பு நாளில் மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. விரலில் மை பூசியதும் வேறெங்கும் போகவிடாமல் நேரே ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதனால் கதிராமன் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே விட்டான். அவன் கண்கள் இறங்குதுறைப் பாதையிலேயே கிடந்தன. திருகோணமலையிலிருந்து ஒவ்வொரு லோஞ்சுப் படகு வரும்போதும் பாதையில் வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தங்கை வரவில்லை.

நாலு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. அழுதுகொண்டு நின்றவனிடம் அங்கே வேலைசெய்த ஸல்ஹா என்ற பெண் வந்து விசாரித்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"அண்ணன், முகாம் ஆக்களுக்கு டவுனிலேயே பெட்டி வச்சிருக்கு. சட்டம் அப்பிடித்தான் முடிஞ்சது. உங்கட தங்கச்சி காலையிலேயே வோட்டுப் போட்டிருப்பா."

"அப்ப, அந்த ஐயா கதைச்சது?"

"கதைச்சார், அவ்வளவுதான்." அவள் குரல் தாழ்ந்தது. "காப்பைத் தாங்க, லோஞ்சில ஆரிட்டயும் குடுத்து அனுப்புறன்."

"ஏலாது பிள்ளை. அது என்ர கையால போட வேணும்."

திரும்பும் பஸ்ஸில் எல்லார் விரலிலும் மை. கதிராமனின் விரலில் மட்டும் இல்லை. அந்த விரலில் காப்பை மாட்டிப் பார்த்தபடி அவன் இருந்தான். அடுத்த தேர்தல் வரும்போது, வளர்ந்துவிட்ட அந்தப் பிஞ்சுக் கை இந்தக் காப்புக்குள் நுழையாது.