பெருமாளாகிவிட்ட வாழைக்கிழங்கு

அறுபதுகளில் நான் வரைந்தவற்றில் மிச்சமிருக்கும் சில படங்களை இன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய கூடத்தில் மாட்டியிருந்தோம்.

அதில் ஒன்று வாழைக்கிழங்கு. ஜீயபுரம் வயலில் தோண்டிப் போட்டிருந்ததைப் பார்த்து, அதைச் சிலையாகச் செய்யும் முன் கரியாலும் காவிரி வண்டலாலும் வரைந்து, மேலே வாழைநாரை ஒட்டினேன். நார் நசுங்கிவிடும் என்று கண்ணாடி போடவில்லை.

ஒரு மாமி வந்து அதன் முன் நின்றார்.

"பெருமாள் என்னமா சயனிச்சுண்டிருக்கார்!"

படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இமையெல்லாம் கரி. கிழங்கின் ஒரு முனை அழிந்தே போய்விட்டது.

கத்தியிருக்க வேண்டும். எனக்கு அது வராது.

"அம்மா, அது வாழைக்கிழங்கு. தொடாதீங்க, கரி அழியுது" என்றேன் மெதுவாக.

"கிழங்குக்குள்ளேயும் அவர்தானே மாமா இருக்கார்?" என்று சொல்லி, மறுபடியும் தொட்டு ஒற்றிக்கொண்டார்.

பின்னால் நின்ற இருவரும் கை நீட்டினார்கள். படத்தைக் கழற்றி வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டேன்.

நான்தான் சரியாக வரையவில்லையோ என்று அப்போதிலிருந்து சந்தேகம். மனைவியிடம் காட்டினேன். கை கூப்பிவிட்டாள்.

எஞ்சியதைப் போட்டோ எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். போனில் எத்தனை முறை வேண்டுமானாலும் தொட்டு ஒற்றிக்கொள்ளுங்கள், அழியாது. கிழங்கு தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.