அம்மாவுக்குச் சொல்லி அழுதது

பலேர்மோவுக்கு வந்த மறுநாள் காலை அம்மா பலாரோ சந்தையில் வாங்கிவந்த பாண் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே எள் தூவியது, சூடு ஆறாதது. "பாண் எண்டுதான் கேட்டனான். டக்கெண்டு எடுத்துத் தந்திட்டான்" என்று பரிசு வாங்கிய பிள்ளைபோலச் சிரித்தார். ரொட்டிக்கு இத்தாலியரும் 'பானே' என்றுதான் சொல்வார்கள்; அதுவரை அவருக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல் அதுதான்.

எங்கள் ஊர் மன்னாரில், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குப் பக்கம். அதற்குள் ஆடு மேய்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். பாணும் யன்னலும் அலுமாரியும் அவர்களுடைய கப்பலில் வந்தவை என்று பின்னாளில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்களை அடக்கி ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய சொற்கள் மட்டும் எங்கள் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கின்றனவே! அந்தக் கோபம் என்னை மொழியியல் படிக்க வைத்தது. ஊருக்குப் போய்ச் செத்தவீடுகளில் பெண்கள் சொல்லி அழும் ஒப்பாரிகளைப் பதிவுசெய்து, அவற்றில் கலந்திருந்த போர்த்துக்கேயச் சொற்களை ஆராய்ந்தேன். வேலையும் பேரும் அதனால்தான் வந்தன. அதுவரை, வியா மக்வேதா தெருவில் ஒரு சின்யோராவின், இத்தாலியச் சீமாட்டியின், வீட்டைத் துடைத்து அம்மாதான் என்னைப் படிப்பித்தார்.

"ஊராக்களின்ர அழுகையெல்லாம் சேர்த்து வைச்சிருக்கிறாய். நான் செத்தால் வாய் திறந்து அழுவியோ?" என்று பகிடி பண்ணுவார். "ஓமம்மா" என்பேன். பகிடிதான், ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் ஒப்பாரியை மகள்தான் தொடங்கவேண்டும். அவள் தொடங்காவிட்டால் மற்றப் பெண்கள் சேரமாட்டார்கள்.

போன தவக்காலத்தில் அம்மா போய்விட்டார். பலேர்மோவின் அல்பெர்கேரியா பகுதியில் எங்கள் வாடகை வீட்டின் சின்ன அறையில், சவப்பெட்டியைச் சுற்றி இருந்த ஊர்ப்பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கென்று ஒரு வரியும் வரவில்லை. பயத்தில், மனப்பாடமாகக் கிடந்த ஒன்றைத் தொடங்கினேன். ஊரில் யாரோ ஒரு மகள் தன் தாய்க்குச் சொன்னது, நான் மேடை மேடையாக விளக்கியது:

"கல்வீடு கட்டி யன்னல் வைச்சுக் காத்து வாங்கின என்ர அம்மா..."

ஒருவரும் சேரவில்லை. பக்கத்திலிருந்த பெரியம்மா என்னை அணைத்துக் காதோடு சொன்னார்: "கொம்மாவுக்கு ஏது பிள்ளை கல்வீடு? அவள் மற்றாக்களின்ர யன்னலைத் துடைச்சுத்தானே செத்தவள்."

பெட்டியில் முகத்தை வைத்தேன்.

"கல்வீடு காணாத என்ர அம்மா... மற்றாக்களின்ர யன்னல் துடைச்ச என்ர அம்மா..."

பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.