கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. தென்காசியில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் பல வருஷம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நகல் எடுப்பது, மனு டைப் அடிப்பது, எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கையெழுத்துக்கு மேலே நாலு விரல் இடம் விட்ட ஒரு காகிதத்தால் வீட்டையே இழந்தவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஓயாமல் ஒன்றைச் சொல்வேன். கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

தென்காசியைச் சுற்றி இருக்கிற பேரூராட்சிகளில் ஒன்றில் என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது நின்று ஜெயித்தேன். எந்தப் பேரூராட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் யார் யார் என்று அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் கூட்டத்திலேயே சண்டை ஆரம்பித்தது. பியூன் தீர்மானப் புத்தகத்தை ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பொருளும் எழுதியிருந்தது. அதன் கீழே முடிவு எழுத வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. உறுப்பினர்கள் ஒரு கையில் உளுந்தவடையோடு மறு கையால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மன்றம் என்ன முடிவு செய்தது என்பதைக் கூட்டம் முடிந்தபிறகு ஆபீஸில் நிதானமாக எழுதிக்கொள்வார்களாம். காலங்காலமாக அப்படித்தானாம்.

“எழுதாத எடத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

“எக்கா, நாங்க எல்லாரும் என்ன களவாணிப் பயலுவளா?” என்று தலைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆறு மாதம் சண்டை போட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் வழிக்கு வந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முடிவை அங்கேயே, எல்லார் முன்னாலும் எழுதுவார்கள். நான் வாசித்துப் பார்ப்பேன். வாசித்துவிட்டு, மீதி இடத்தில் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி என் பேனாவால் கோடு இழுப்பேன். ‘கோடு போடுத அக்கா’ என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் தெருவைப் பெருக்க வருகிற பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். விடியும்போது துடைப்பத்தோடு வந்தால் மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவாள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்களில் இன்னும் மோசம். குளிக்க வருகிறவர்களின் வண்டிகள் எங்கள் ஊர் வரைக்கும் நிற்கும். ஷாம்பு பாக்கெட்டும் சாப்பிட்ட இலையும் நனைந்த துணியும் சாரலில் ஊறிக் கிடக்கும். அத்தனையையும் அவளும் இன்னும் ஆறேழு பெண்களும்தான் அள்ள வேண்டும்.

ஒரு நாள் அவள் வரவில்லை. நாலு நாள் கழித்து வந்தவள் முகம் வெளுத்திருந்தது. கேட்டதற்கு, நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொன்னாள்.

“தண்ணியே குடிக்க மாட்டியோ?”

“குடிச்சா எங்கன போவக்கா? முந்தி மண்டபத்துக்குப் பின்னால பொதரு கிடந்துச்சு. இப்ப அதையும் சுத்திச் சுவரு கட்டிட்டாவ. ஆம்பளைய எங்கனயும் நின்னுக்கிடுதாவ. நாங்க காலையில வாய நனைக்கதோட சரி.”

இரண்டாவது தடவை இப்படி வந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஊரைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு ஒதுங்க ஒரு கக்கூஸ் இல்லை, நாங்கள் மாதாமாதம் உட்கார்ந்து வடை தின்கிறோம். “இந்த பட்ஜெட்லயே ஒங்களுக்கு ஒரு ரூம் போட வைக்கேன். நீ பாரு” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்கே மனு டைப் அடித்து ஆபீஸில் கொடுத்தேன். பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் உள்ள ஓய்வறை வேண்டும் என்று ஒரே பக்கம். செயல் அலுவலர் மதுரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். வாசித்துவிட்டு, “புதுக் கட்டடம்னா மேல அனுமதிக்குப் போகணும் மேடம். அது எப்ப வரும்னு சொல்ல முடியாது. பாக்கிறேன்” என்றார். இந்தப் ‘பாக்கிறேன்’ எத்தனை பேர் வாயிலிருந்து வந்து எத்தனை மனுக்களைக் கொன்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலைவரிடம் போனேன். அவரும் “பாப்போம்க்கா” என்றார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னதே எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்கு மறுவாரம் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பழைய மோட்டார் ரூம் ஒன்று இருக்கிறது. மோட்டாரை வேறு இடத்துக்கு மாற்றி வெகுகாலம் ஆகிறது. கதவு இற்றுப்போய், உள்ளே வௌவால் அடைந்து கிடக்கும். அதற்குள்ளிருந்து தலைவரும் செயல் அலுவலரும் வெளியே வந்தார்கள். செயல் அலுவலர் கையில் அளவு டேப். என்னைப் பார்த்ததும் அதைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார். நான் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். பஸ் ஏறுவதற்குள் முழுக் கதையும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ரூமுக்கு அடுத்த மனை தலைவருடைய மச்சானுடையது. சீசனில் அதில் வண்டி நிறுத்த விடுகிறார். பக்கத்தில் ஒரு ரூம் கிடைத்தால் அவருக்குத் தோதாகத்தானே இருக்கும்.

பட்ஜெட் நகல் வந்தது. வீட்டு மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஓய்வறை என்று எங்கேயும் இல்லை. கழிப்பறை என்ற வார்த்தைகூட இல்லை. ஆனால் பராமரிப்புப் பணிகளுக்கு நடுவே ‘பழைய மோட்டார் அறை: தளம், கதவு, ஓடு பதித்தல், தண்ணீர் இணைப்பு’ என்று ஒரு வரி இருந்தது. வௌவால் அடைகிற ரூமுக்கு டைல்ஸ் எதற்கு? மோட்டாரே இல்லாத மோட்டார் ரூமுக்குத் தண்ணீர் எதற்கு?

கூட்டத்துக்கு முந்தின நாள் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஆபீஸ் போனை எடுப்பதில்லை என்று எனக்கு ஒரு வழக்கம். எடுத்தால் சரிக்கட்டப் பார்ப்பார்கள். “எடுத்து என்னன்னுதான் கேளேன்” என்றார் வீட்டுக்காரர். “ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

கூட்டத்தில் அந்த வரியை வாசித்ததும் எழுந்து நின்றேன். கடையில் கற்றுக்கொண்ட வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். யாருக்காக இந்த ரூம், யார் கேட்டது, மனு எங்கே, அளந்து பார்த்தது எதற்கு.

தலைவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “பராமரிப்புதாம்க்கா” என்றார்.

“என்ன பராமரிப்பு? வௌவாலுக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். செயல் அலுவலர் மட்டும் என்னையே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த உறுப்பினரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் மேலிடத்துக்குப் பெட்டிஷன் போடுகிறவர். “மேடம், இத கூட்டம் முடிஞ்சு பேசுவோம்” என்றார் செயல் அலுவலர் மெதுவாக.

“கூட்டம் முடிஞ்சி என்ன தனிப் பேச்சு? இங்கன சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் சொல்லவில்லை. அதுவரைக்கும் சும்மா இருந்தவர்களும் தலைவரைக் குத்த ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததென்று எழுந்துகொண்டார்கள். அந்த வரியை நீக்க வேண்டும் என்று முடிவானது. நீக்கப்பட்டது என்று என் கண் முன்னாலேயே புத்தகத்தில் எழுத வைத்தேன். அதன் கீழே கோடு இழுத்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அழுத்தி இழுத்தேன். அடுத்த பக்கத்திலும் அது பதிந்தது. இவ்வளவு நாள் உறுப்பினராக இருந்ததில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

எல்லாரும் போனபிறகு செயல் அலுவலர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நான் கொடுத்த மனு. பின்பக்கம் திருப்பச் சொன்னார். அங்கே பென்சிலால் ஒரு ரூமின் படம். மூலையில் கக்கூஸ், பக்கத்தில் குழாய். சுவரில் வரிசையாகச் சின்னக் கோடுகள், அதன்மேல் ‘சேலை மாட்ட’ என்று எழுதியிருந்தது. ஒரு பெஞ்சு. தெருவிலிருந்து தெரியாதபடி வாசலை மறைத்து ஒரு தட்டி.

“புதுசா கட்டணும்னு எழுதினா வருஷக்கணக்கா ஆகும் மேடம். இருக்கிற கட்டடத்துக்குப் பராமரிப்புன்னா நம்ம மன்றமே போட்டுக்கலாம். கக்கூஸ்னு எழுதினா இது பராமரிப்பே இல்லைன்னு யாராவது பெட்டிஷன் போடுவாங்க, மறுபடியும் மேல போயிரும். அதான் அப்படி எழுதினோம். இத சபையில சொல்ல முடியுமா? உங்ககிட்டச் சொல்லத்தான் ரெண்டு தடவை போன் போட்டேன்.”

நான் உடனே நம்பவில்லை. இப்போதுதான் உட்கார்ந்து வரைந்து என்னை மடக்கப் பார்க்கிறாரோ என்று காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மடிப்பு பென்சில் கோடுகளுக்கு மேலே ஓடியது. மடிப்பு விழுந்த இடத்தில் கரி தேய்ந்து, எதிர்ப் பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருந்தது. வரைந்து, மடித்து, பல நாள் வைத்திருந்த காகிதம். இத்தனை வருஷம் காகிதம் பார்த்தவளுக்கு இது தெரியாமல் போகாது. ஏதோ ஒளித்திருக்கிறார்கள் என்று நான் கண்டுபிடித்தது சரி. ஒளித்தது என்ன என்பதில்தான் தப்பு.

“புத்தகத்துல கொஞ்சம் மாத்தி எழுத முடியாதா சார்?” என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

“நீங்க கோடு போட்டுட்டீங்களே மேடம்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. முன்பெல்லாம் என்றால் எழுதாத இடத்தில் ‘விவாதத்துக்குப்பின் ஏற்கப்பட்டது’ என்று எழுதியிருப்பாராம். மன்றம் நீக்கியதை உடனே மறுபடி கொண்டுவரவும் வழியில்லை, சில மாதம் போக வேண்டும் என்றார். அதற்குள் சாரல் சீசன் வந்து போய்விடும். அதற்கு முன்னாலேயே அவருக்கு மாறுதல் வந்துவிட்டது.

சாரல் தொடங்கிய முதல் வாரம் அவள் எங்கள் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“எக்கா, கூட்டத்துல நீங்க ஒரு ஆளுதான் எந்திரிச்சு நின்னு கேட்டியளாம்லா. எல்லாவளும் சொல்லுதாளுவ. எங்களுக்காவ யாருக்கா கேக்காவ?”

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உங்களுக்கென்று வந்த ரூம்தான் அது, அதை நிறுத்தியதே நான்தான் என்று முழுவதையும் சொன்னேன். அவள் துடைப்பத்தில் ஒட்டியிருந்த இலையை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். “சரிக்கா” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வெளியிலிருந்தே போகிறமாதிரி ஒரு பாத்ரூம் உண்டு. கடைக்கு ஆள் வைத்திருந்த காலத்தில் கட்டியது, இப்போது பழைய பேப்பர் கட்டு கிடக்கிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து இதே வாசலில் நின்று சொன்ன அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. மேலிடத்து அனுமதி, தீர்மானம், பட்ஜெட் எதுவும் அதற்கு வேண்டாம். சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. ஊரில் உள்ள கதவுகளை எல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு, என் வீட்டுக் கதவு ஒருநாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

சாவியை எடுத்துவந்து, “இனிமே இங்கன வந்துக்கோ. மத்தவங்களையும் கூட்டிட்டு வா. பேப்பரை இப்பவே எடுத்துருதேன்” என்றேன்.

அவள் சாவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

“என்னக்கா திடீர்னு” என்றாள். “அடுத்த எலெக்ஷன் வருதோ?”

அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டு குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பேப்பர் கட்டை எடுத்துக் கழுவிவிட்டு, வாளியும் சோப்பும் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கதவைத் திறந்துவிடுகிறேன். அவள் இன்னும் வரவில்லை.