பெயரை வாசித்துப் பொறுத்தவர்

நவம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி திங்கட்கிழமை காலை, ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் சலவைக்கூடத்தின் உடைமாற்றும் அறையில் கிடைத்தது. முதல்நாள் மாரடைப்பாம். சொன்ன சுகந்தி அக்கா ஒரு சப்பாத்தின் கயிற்றை மட்டும் கட்டிவிட்டு அப்படியே இருந்தார்.

உங்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மருத்துவமனை ஊழியர்களின் மேலங்கிகளைப் பிரிக்கும்போது, கழுத்துப் பட்டியில் உள்ள பெயரைச் சத்தமாக வாசிப்பார். ஒரு மூச்சு நேரம் பொறுப்பார். பிறகுதான் மடிப்பார்.

“அண்ணை, அர்ச்சனையோ? நட்சத்திரத்தையும் சொல்லுங்கோவன்” என்று சுகந்தி அக்கா சீண்டுவார்.

“தட்டிலை தேங்காயைக் காணேல்லை. அதுதான் சொல்லேல்லை.”

நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்காத ஒரே ஆள் அவர். அதனால்தான், ஏன் வாசிக்கிறீர்கள் என்று அவரிடம் என்னால் கேட்க முடிந்தது.

ஊரில் அவர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். போர் முடிந்த கையோடு தேர்தல் வைத்தார்கள். சனம் இன்னும் முகாமில். வாக்காளர் பட்டியலோ கடைசிச் சண்டைக்கு முந்தியது. வாக்குச்சாவடியில் பெயர் வாசிப்பது அவர் வேலை. ஒரு தாய் தன் அட்டையோடு, காணாமற்போன மகனின் அட்டையையும் நீட்டினாராம். “தம்பி, அவன்ரை பேரையும் ஒருக்கா வாசியுங்கோ. வெளியிலை எங்கையாவது நிண்டால் கேக்கும்.”

“ஆள் வந்தால்தான் வாசிக்கலாம் அம்மா எண்டிட்டன். வரிசை நீளம்” என்றார் அண்ணை. “தேர்தல் வைச்சது பிழையில்லை, பிள்ளை. தேடி முடிக்க முந்தி வைச்சதுதான் பிழை.”

எங்களோடு வேலை செய்யும் தென்சூடான்காரி அச்சோலுக்கு இதை ஜெர்மன் மொழியில் சொன்னேன். அவள் ஏற்கவில்லை. “எங்கள் நாட்டில், இன்னும் நேரம் வரவில்லை என்றே தேர்தலைத் தள்ளிப்போடுகிறார்கள். என் அண்ணனுக்கு முப்பது வயது. ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை.”

பக்கத்தில் நின்று கேட்ட அண்ணை, மடித்த விரிப்பை விரித்து மறுபடி மடித்தார். மறுநாள் வந்ததும் என்னிடம் சொன்னார்: “அவள் சொன்னதும் நியாயம். பொறு எண்டு பதவிக் கதிரையிலை இருக்கிறவன் சொல்லக்கூடாது. அந்த அம்மாதான் சொல்லவேணும். அதையும் அவளுக்குச் சொல்லு.” சொன்னேன். அச்சோல் அவருக்குத் தலையசைத்தாள்.

புதன்கிழமை, அண்ணை கடைசியாகச் சலவைக்குப் போட்ட நீல மேலங்கி என் மேசைக்கு வந்தது. எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் இயந்திர இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி அவர் பெயரை வாசித்தேன். அச்சோல் கையை நிறுத்தினாள். சுகந்தி அக்கா சீண்டவில்லை. பொறுத்தோம். பிறகு மடித்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது அந்த ஒரு மூச்சு நேரம். வரிசை எவ்வளவு நீளமானாலும் அதை விடமாட்டேன்.