முன் சீற்றின் ஈரம்

நான் காருக்குள் மூத்திரம் பெய்யவில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இதை முதல் வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஏழு வயதில் இதை நான் தொண்டை கிழியச் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

கார் மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பியுடையது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, கொழும்பில் வேறு யாரோ ஓட்டிக் களைத்து, கடைசியில் பூநகரியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த வெள்ளைக் கார். எங்கள் தெருவுக்கு, அந்த மண் ஒழுங்கைக்கு, அதற்கு முன் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும்தான் வந்து போனவை. அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் காரில் ஏறுவான். காலையில் பொனற்றைத் திறந்து றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவது மாமாவுக்குப் பூசை மாதிரி. ஒவ்வொரு நாளும் கால்வாசி வாளி உள்ளே போகும். வன்னி வெயிலுக்கு மனுசரே தாங்கேல்லை, கார் குடிக்காதா என்று மாமா நியாயம் சொல்லுவார்.

அந்தக் காரின் முக்கியமான வேலை மாதத்தில் ஒருநாள் பெரியம்மாவைக் கிளிநொச்சிக்குக் கிளினிக் கூட்டிப்போவது. அம்மாவின் அக்கா அவா, எங்களோடுதான் இருந்தா. கடைசிச் சண்டையில் வெடித்த செல் ஒன்றின் துண்டு முதுகில் பட்டது. நடப்பா, ஆனால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காலை மடக்கிப் பின்னால் ஏற முடியாது என்பதால் முன் சீற் அவாவுக்கு. பின்னால் இருந்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்பதால் நானும் முன்னால், அவாவின் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு. மடியில் மட்டும் ஒருநாளும் இருத்த மாட்டா. அதில் எனக்கு ஏற்கனவே ஒரு கோபம்.

அது ஆடி மாதம். வானத்தில் பேருக்குக்கூட ஒரு முகில் இல்லை. கிளினிக்கால் திரும்பி வந்து இறங்கும்போது மாமா குனிந்து பார்த்தார். முன் சீற்றின் கீழே, கால் வைக்கிற இடத்தில், கார்ப்பெற் நனைந்திருந்தது. மாமா விரலால் தொட்டார். மஞ்சளாக, இளஞ்சூடாக இருந்தது. அவர் நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டா.

“இவள்தான். வெளிக்கிட முதல் ஒண்டுக்குப் போட்டு வா எண்டு சொன்னனான், கேக்கேல்லை.”

நான் திகைத்துப் போனேன். போய்விட்டுத்தான் ஏறினேன், அம்மாதான் கிணற்றடியில் எனக்குக் கால் கழுவியும் விட்டா. அதைச் சொன்னேன். என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன், காய்ந்திருந்தது. சீற்றைத் தடவிக் காட்டினேன், அதுவும் காய்ந்திருந்தது. சட்டையும் நனையாமல் சீற்றும் நனையாமல் கீழே மட்டும் எப்படி நனையும் என்று கேட்டேன். இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய கேள்வி அது. பதிலாக அம்மா தொடையில் கிள்ளினா. மாமா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எங்கே போய் வந்தாலும் ஈரம், எல்லா ஈரத்துக்கும் நான். யூரியா உரப்பை ஒன்றைக் கழுவி எனக்குக் கீழே விரித்தார்கள். இருக்கிற சீற் காய்ந்திருக்க, அதற்கு உரப்பை. இதில் என்ன புத்தி இருக்கிறது என்று கேட்க ஒரு பெரிய மனிதரும் இல்லை. காருக்குள் ஊறிய சாக்கு நாற்றம் வந்தது, அதுவும் என் கணக்கில்தான். நான் ஏறும்போதெல்லாம் அண்ணன் பின்னாலிருந்து “குளம் நிரம்பி வான் பாயப் போகுது” என்பான். கட்டாரில் வேலை செய்த அப்பாவிடம் தொலைபேசியில் அண்ணன் இதையும் சொல்ல, அவர் அங்கிருந்து எனக்குப் புத்திமதி சொன்னார். என் மானம் கடல் கடந்து போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லோரையும் சந்தேகிக்கலாம், காரை மட்டும் சந்தேகிக்கக் கூடாது.

பிறகு முல்லைத்தீவில் ஒரு கல்யாணம் வந்தது. நான் புதுச் சட்டையோடு விடிய முதலே எழுந்து நின்றேன். தூரப் பயணம், இவள் வேண்டாம் என்றா அம்மா. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே கொடுத்த புட்டை நான் தொடவில்லை. காரின் சத்தம் தேய்ந்து போகும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் கார் வந்தது. எல்லோரும் இறங்க முதலே நான் முன் கதவைத் திறந்து கார்ப்பெற்றில் உள்ளங்கையை வைத்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? முற்றத்தின் நடுவில் நின்று, ஒழுங்கைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

“நான் இண்டைக்குக் காரில வரேல்லை. அப்ப ஆர் பெய்தது? வந்த ஆக்களில ஆரோதான் பெய்தது.”

அண்ணன்கூடச் சிரிக்கவில்லை. அம்மா ஓடிவந்து என் வாயில் அடித்தா. உதடு பல்லில் பட்டு இரத்தம் வந்தது. பெரியம்மா முன் சீற்றிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து நடந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. குற்றவாளி இல்லை என்று நிரூபித்ததற்கு அடி வாங்கிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று அன்றிரவு படுத்திருந்து நினைத்தேன்.

அடுத்த கிளினிக்குக் காரில் வரமாட்டேன் என்று பெரியம்மா சொல்லிவிட்டா. பஸ்ஸில் போவாவாம். எங்கள் பக்கத்துப் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் அவாவால் படி ஏற முடியாது. கிளினிக் நாள் வந்தது, போனது, பெரியம்மா போகவில்லை. வீட்டில் எல்லோரும் அடங்கிப் பேசினார்கள். கார் நாறுகிறது என்றால் கழுவினால் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை துக்கம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மாமாவுக்கு வேறு கவலை. கல்யாணத்துக்குப் போன விடியற்காலையில் கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டு ஓடியபோது முன் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மறைத்து, ஒரு மாட்டில் மோதப் பார்த்தாராம். அதைக் காட்டப் பரந்தன் சந்தியிலுள்ள கராஜுக்கு வெளிக்கிட்டார். பள்ளிக்கூட விடுமுறை. நான் கேட்காமலே ஏறிப் பின் சீற்றில் இருந்தேன். சத்தி வந்தால் வரட்டும் என்று.

கராஜ்காரர் நரைத்த தாடி வைத்த முஸ்லிம், மாமா அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டார். கண்ணாடியில் ஆவி என்று மாமா சொல்லி முடிக்க, நான் இடையில் புகுந்து என் வழக்கு முழுவதையும் அவரிடம் கொட்டினேன். மாமா என்னை முறைத்தார். நானா முறைக்கவில்லை. குனிந்து கார்ப்பெற்றை மூலையால் உரித்துத் தூக்கினார். அதற்குக் கீழே இருந்த ஸ்பொஞ்சைப் பிழிந்தார். வாளியளவு தண்ணீர் வந்தது. தகரம் துருவேறிக் கறள் பிடித்திருந்தது. டாஷ்போட்டுக்கு அடியால் கையை விட்டு எடுத்து, நனைந்த விரல்களை மாமாவுக்குக் காட்டினார்.

“றேடியேற்றருக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறீங்களோ?”

ஓம் என்றார் மாமா.

“விடுற தண்ணி எங்க போகுதெண்டு ஒருநாளாவது பாத்தீங்களோ?”

குளிர் நாட்டுக்காகச் செய்த கார் என்று நானா விளங்கப்படுத்தினார். டாஷ்போட்டுக்குப் பின்னால் ஹீற்றர் இருக்கிறது. நாங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள்ளால் சுற்றி வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அது உக்கி ஓட்டை விழுந்து ஒழுகுகிறது. கறள் கலந்ததால் மஞ்சள், எஞ்சினிலிருந்து வருவதால் சூடு, அந்த ஆவிதான் கண்ணாடியிலும் படிகிறது. இந்த ஊருக்கு ஹீற்றர் என்னத்துக்கு என்று சொல்லி, அதற்குப் போகிற இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிவிட்டார். இனி ஒரு சொட்டு உள்ளே வராது, கார்ப்பெற்றை இரண்டு நாள் வேலியில் காயப் போடுங்கோ என்றார். அரை மணித்தியால வேலை. இதற்காகத்தான் நான் உரப்பையில் இருந்தேன், ஒரு கல்யாணத்தை இழந்தேன், உதடு வெடித்து நின்றேன்.

வீட்டு வாசலில் கார் நிற்க முதலே இறங்கி ஓடினேன். ஹீற்றர், ஹீற்றர் என்று கத்தினேன். மாமாவும் வந்து ஓம் என்றார். அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்பா என்று முகத்தையே பார்த்து நின்றேன். அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அறைக் கதவு திறந்தது.

“அப்ப அது காரிலயிருந்துதானோ வந்தது?”

பெரியம்மா இதை மூன்று தரம் கேட்டா. மாமா மூன்று தரமும் ஓம் அக்கா என்றார். அவா என்னைக் கட்டிப் பிடித்து விம்மி விம்மி அழுதா. இந்த வீட்டில் நீதி நியாயம் தெரிந்த ஒரே ஆள் இவாதான், என்னைப் பழித்ததற்கு அழுகிறா என்று நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். பிறகு தண்ணீர் கேட்டா. ஒரு செம்பு கொண்டுவந்தேன். மூச்சு விடாமல் குடித்துவிட்டு இன்னும் ஒரு செம்பு கேட்டா. மற்றவர்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்குள் எனக்கு வேலை சொல்கிறார்களே என்று உள்ளுக்குள் கொதித்தது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, பெரியம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவாவுக்கு உடுப்பு மாற்ற நான் போனபோதுதான் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே பட்டியால் கட்டிய, மூத்திரம் சேருகிற பை. அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. பை ஒழுகினாலும் அவாவுக்குத் தெரியாது. சட்டையும் நனையாமல் சீற்றும் நனையாமல் கீழே மட்டும் எப்படி நனையும் என்ற என் கேள்விக்கு அந்த முற்றத்தில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் ஒரு பதிலை வைத்திருந்திருக்கிறார்கள். அது பிழையான பதில்.

அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். என்னைப் பலி கொடுத்தீர்களே என்றேன். சின்னப்பிள்ளைக்கு நாளைக்கு மறந்துபோகும், அக்காவுக்கு மறக்காது என்று நினைத்தோம் என்றா. எனக்கு மறக்கவில்லை, நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அம்மா, பெரியம்மா அந்த நாட்களில் பையின் அடியிலிருந்த திருகியை ஒழுகாமல் இருக்க நூலால் வரிந்து கட்டியதைச் சொன்னா. காரில் வெளிக்கிடுகிற நாளென்றால் முதல்நாள் பின்னேரத்திலிருந்தே வாயில் தண்ணீர் வைக்க மாட்டாவாம். அப்படியிருந்தும் நனைந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, காரில் ஏறாத நாட்களிலும், மாத்திரை விழுங்க மட்டும்தான் தண்ணீர் குடித்தாவாம்.

அந்த இரண்டாவது செம்பை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.