கால் வரட்டும்

உதட்டோரம் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டேதான் கிம் சுவீ பேசுவார். மலேசியாவில் தைப்பிங் சந்தைக்குப் பின்னால் அவருடைய கட்டைச் செருப்புக் கடை. கடை முன் நடைபாதையான அஞ்சடியில் மணை போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்வை நேரே பாதத்துக்குப் போகும். "சுண்டுவிரல் இன்னும் அந்தப் பக்கந்தான் சாயுதா?" என்று கேட்டால் ஆள் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மீன்காரருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே மரியாதைதான்.

கட்டையைச் செதுக்கி, ரப்பர் வாரை ஒரு பக்கம் மட்டும் அடித்து வைப்பார். மறுபக்கம் அடிப்பது, போடுகிறவர் காலை நுழைத்த பிறகுதான். ஒருத்தி தன் வீட்டுக்காரருக்கென்று கேட்டு வந்தாள். கடை முதலாளியை அங்கே தவுக்கே என்பார்கள்.

"அளவு கொண்டாந்திருக்கேன், அடிச்சுக் குடுங்க தவுக்கே."

"அளவா நடக்கப்போகுது? காலை அனுப்பி வைம்மா."

மனைவி குவாட் நியோ உள்ளிருந்து சிரிப்பாள். "பொண்ணு பார்க்க வந்தப்பவும் இதே கதைதான். என் மூக்கு சப்பையா கூரா, கல்யாணத்துக்கு அப்புறந்தான் இவருக்குத் தெரியும்."

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துப் புதுச் செருப்பு அடிப்பார். மகள் போ லியானுக்குத்தான் முதல் ஜோடி. வளர்கிற கால் என்று பெருவிரலை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்த லியான் அவர் பேச்சை மீறி ஈப்போ ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். பதினோரு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. அவளும் வீம்புக்காரி; அப்பன் பிடிவாதம் எங்கே போகும்? அவர் சாவுச் செய்தி கேட்டுத்தான் ஓடி வந்தாள். கோபம் தீராமலே போய்விட்டாரே என்ற நினைப்பு அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் கேட்டே விட்டாள்.

"அப்பாவுக்குக் கடைசிவரை கோவம் ஆறவே இல்லையாம்மா?"

குவாட் நியோ மணைக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கவிழ்த்தாள். பதினோரு ஜோடி. எல்லாவற்றிலும் வாரின் ஒரு பக்கம் அடிக்காமல் தொங்கியது. கடைசி மூன்று ஜோடி மட்டும் அரைவிரல் அகலம் கூடியிருந்தன.

"ரெண்டு பெத்தவ, கால் அகண்டிருக்கும்னார். அடிச்சு அனுப்பிடலாமேன்னு நானும் வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தேன். கால் வரட்டும்னுட்டார்."

லியான் கடைசி ஜோடியில் காலை நுழைத்தாள், சரியாக இருந்தது. சுத்தியலை ஒரு நாளும் தொட்டறியாத குவாட் நியோ, மணையில் குந்தி உட்கார்ந்து, டப்பாவிலிருந்து நாலு ஆணிகளை எடுத்து உதட்டோரம் கவ்விக்கொண்டாள்.